11 வயதுப் பையனின் முதுகுவலியும் தினம் 200 ஸ்விங்கும்

ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அணி விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் சிறு வயதில் கிரிக்கெட் ஆடியவர், பேஸ்பால் ஆடியதில்லை. அவருடைய 11 வயது மகன் இரண்டு வருடமாகப் பேஸ்பால் ஆடுகிறான். அணிக்கு ஆள் போதவில்லை என்று இவரையே உதவிக் கோச்சாகச் சேர்த்துக்கொண்டார்கள். 9 முதல் 12 வயது வரையுள்ள 12 பிள்ளைகளுக்கு பேட்டிங் கற்றுக்கொடுப்பது இவர் பொறுப்பு. இணையத்தில் வீடியோக்கள் பார்த்துக் குறிப்பெடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். "முழங்கையைத் தூக்கு", "மேலிருந்து கீழே அடி", "பின்காலால் பூச்சியை நசுக்குவது போலத் திருப்பு", "பந்து பேட்டில் படும்வரை கண்ணை எடுக்காதே" என்ற நான்கும் அவருடைய அடிப்படைப் பாடங்கள். இது தவிர, மகனுக்கு வீட்டில் தினமும் 200 ஸ்விங், அதாவது பேட் வீச்சு. 'டீ' என்று சொல்கிற ரப்பர் கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிக்கிற பயிற்சி. வாரத்தில் ஆறு நாள்.

மூன்று வாரமாகப் பையனுக்குக் கீழ்முதுகில் வலி. "தசைப்பிடிப்புதான், போகப்போகச் சரியாகும்" என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ஆட்டத்தில் பந்து விலாவில் பட்டதிலிருந்து, பந்தை எறிகிற பிட்சர் கையை ஓங்கினாலே பையனின் முன்கால், பேட்டர் பக்கத்தில் நிற்க வேண்டிய தரைத்தட்டான பிளேட்டை விட்டு விலகிப் போகிறது. அதைத் தடுக்க அவன் காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார். கடைசி நான்கு ஆட்டங்களில் ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு ஓடிப் பாதுகாப்பாக இடம் சேர்கிற ஓர் அடிகூட, இல்லை. "அப்பா, இன்னிக்குப் போதும்பா" என்று அவன் சொல்வது அதிகமாகிவிட்டது. மனைவி விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறார். சீசன் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. "ஸ்விங்கில் எதைத் திருத்த வேண்டும்? முதுகுக்கு என்ன உடற்பயிற்சி தரலாம்? ஆறு வாரத்தை எப்படியாவது ஓட்டிவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது நீங்கள் எடுத்துக்கொள்கிற சிரமம். ஆடித் தெரியாத ஒரு விளையாட்டைப் பிள்ளைக்காக உட்கார்ந்து படித்து, அடுத்தவர் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போகிற எதையும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்விங் பிறகு. முதுகு முதலில்.

முதுகுவலியைத் தசைப்பிடிப்பு என்று நினைக்காதீர்கள்

பெரியவர்களுக்குக் கீழ்முதுகு வலித்தால் பெரும்பாலும் தசைதான் காரணம், சில வாரங்களில் தானே போய்விடும். நாம் எல்லோரும் அந்த அனுபவத்தை வைத்துத்தான் பிள்ளைகளின் வலியையும் அளக்கிறோம். வளரும் வயதில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விளையாட்டு மருத்துவத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வு 1995இல் வந்தது. மைக்கேலியும் வுட்டும் செய்தது. முதுகுவலியோடு மருத்துவமனைக்கு வந்த இளம் விளையாட்டு வீரர்களையும் பெரியவர்களையும் அதில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இளையவர்களில் 47 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பின் பின்பக்கத்தில் உள்ள மெல்லிய பாலம் போன்ற பகுதியில் அழுத்தத்தால் வந்த விரிசல் இருந்தது. பெரியவர்களில் அது 5 சதவீதம். மருத்துவமனை வரை வந்தவர்களின் கணக்கு இது. முதுகு வலிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி விரிசல் என்று அர்த்தமில்லை. ஆனால் பார்க்காமலே "தசைதான்" என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

இந்த விரிசலுக்கு 'ஸ்பாண்டிலோலைசிஸ்' என்று பெயர். ஒரே நாளில் விழுந்து அடிபட்டு வருவது அரிது. முதுகைப் பின்னால் வளைத்தபடி திருப்புகிற அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, இன்னும் முழுதாக இறுகாத எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போய் விரிகிறது. பேட்டை வீசுவதும் பந்தை எறிவதும் அப்படிப்பட்ட அசைவுகள்தான். நீங்கள் எழுதியபடி பார்த்தால் வீட்டில் மட்டும் வாரத்துக்கு 1,200 ஸ்விங். அணிப் பயிற்சி தனி, ஆட்டம் தனி.

உங்கள் மகனை நான் பரிசோதிக்கவில்லை. அதனால் அவனுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியது இதுதான்: இன்றிலிருந்து பேட்டும் எறிதலும் ஓட்டமும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் எலும்பு அல்லது விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போது வலிக்கிறது என்பதை அவனையே சொல்லவிடுங்கள். பின்னால் வளையும்போதா, குனியும்போதா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்பது மருத்துவருக்கு முக்கியம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். ஆரம்பக்கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும்; தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். வலி மாத்திரை கொடுத்து ஆடவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, காலில் மரத்துப்போவது அல்லது பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

முதுகுக்கு உடற்பயிற்சி கேட்டிருந்தீர்கள். காரணம் தெரியும்வரை எதுவும் தர மாட்டேன். குறிப்பாக, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைகிற 'ஸ்ட்ரெச்' பயிற்சியை நிறுத்துங்கள். விரிசல் இருந்தால் அதே இடத்தைத்தான் அது மறுபடி அழுத்தும்.

ஆறு வாரத்தை ஓட்டிவிட முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று வழிகள் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஸ்விங் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஆடவைப்பது ஒன்று. மருத்துவர் பார்க்கும்வரை முழுதாக நிறுத்துவது இன்னொன்று. உங்கள் மனைவி சொல்வது போல விளையாட்டையே விட்டுவிடுவது மூன்றாவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். விரிசல் ஆரம்பத்திலேயே தெரிந்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பவும் நன்றாக ஆடுகிறார்கள். வழக்கமாக மூன்று மாதம் போல ஆகும். அதன் மேலேயே ஆறு வாரம் ஆடினால் எலும்பு சேராமலே போக வாய்ப்பிருக்கிறது. வெறும் தசைவலி என்று தெரியவந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றிரண்டு ஆட்டங்கள்தான். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அவர் கேட்கிற முடிவு இப்போதைக்குத் தேவையில்லை. மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். தலைமைக் கோச்சிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். ஆள் குறைவு என்று ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டாலும், முடியாது என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அவன் சார்பாக அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அணியை விட்டு அவனை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. பயிற்சியின்போது வலைக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு உட்காரட்டும். பிட்சர் பந்தை விட்டவுடன், அது பிளேட்டைத் தாண்டுவதற்குள், "ஸ்ட்ரைக்" (அடிக்கத்தக்க இடத்தில் வரும் பந்து) அல்லது "பால்" (விலகிப் போகும் பந்து) என்று சொல்லட்டும். பேட்டிங்கில் பாதி வேலை கண்ணுக்குத்தான். அதை முதுகை அசைக்காமலே வளர்க்கலாம்.

முதுகு ஏன் மாட்டிக்கொண்டது: ஸ்விங் எங்கிருந்து வருகிறது

கீழ்முதுகின் முள்ளெலும்புகள் குனியவும் நிமிரவும் அமைந்தவை. திரும்புவதற்கு அல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு டிகிரிதான் திரும்பும். ஸ்விங்கில் நாம் பார்க்கிற அந்தப் பெரிய சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்தும் மேல்முதுகிலிருந்தும் வர வேண்டும். அங்கே தடை வந்தால் கீழ்முதுகு வளைந்துகொடுத்துச் சமாளிக்கிறது. உங்கள் மகனின் வீடியோவைக் கடிதத்தோடு அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் மூன்று தடைகள் தெரிகின்றன.

முதல் தடை முழங்கைகள். கிரிக்கெட்டில் நேர் பேட்டில் ஆடும்போது முன்கை முழங்கை உயர்ந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். அதை அவனுக்குச் சொன்னீர்கள். பேஸ்பால் வீடியோவில் பின்கை முழங்கையைத் தூக்கச் சொல்கிறார்கள், அதையும் சொன்னீர்கள். பையன் இரண்டையும் கேட்டுக்கொண்டு இரண்டு முழங்கையையும் இறக்கை போல விரித்து நிற்கிறான். தோள் இறுகிப்போய் மேல்முதுகு திரும்பவே இடமில்லை. கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும்பி வருகிறது. அதற்கு நெட்டாக வரும் பேட் சரி. பேஸ்பாலில் எல்லாப் பந்தும் தரையில் படாமல் ஃபுல் டாஸாக வருகிறது; பேட் உருளை, வீச்சு கிடைமட்டத்துக்குப் பக்கம். இரண்டு விளையாட்டுக்கும் கண்ணும் நேரமும் பொதுவாக உதவும். முழங்கை உதவாது. கையை எங்கே வைப்பது என்று யோசிக்காமல், மழைக்குக் குடையைப் பிடிப்பது போலத் தளர்வாகப் பின்தோளுக்குப் பக்கத்தில் பேட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை தன் இடத்துக்குத் தானே வந்துவிடும்.

இரண்டாவது தடை நீங்கள் டீ கம்பத்தை வைத்திருக்கிற இடம். அந்தக் கம்பத்தின் அடிப்பாகம் ஹோம் பிளேட் வடிவத்திலேயே இருப்பதால், அதையே பிளேட் என்று நினைத்துப் பிள்ளைகள் அதற்கு நேராக நின்றுவிடுகிறார்கள். பந்து அவன் வயிற்றுக்கு நேரே இருக்கிறது. நடுவாக வரும் பந்தை பேட் சந்திக்க வேண்டிய இடம், முன்கால் ஊன்றுகிற கோட்டுக்குப் பக்கத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். உடம்பை ஒட்டி வரும் பந்தை இன்னும் முன்னால் சந்திக்க வேண்டும்; வெளியே போகும் பந்தைச் சற்றுப் பின்னால். வயிற்றுக்கு நேரே வைத்த பந்தை 1,200 தடவை அடித்தால், பின்பக்கம் சாய்ந்து முதுகை வளைத்துத்தான் அடிக்க முடியும். உங்கள் மகன் அதைத்தான் மிகக் கவனமாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது, பேட். அணியில் பெரிய பையன்கள் பிடிக்கிற பேட்டை அவனும் பிடித்திருக்கிறான். எளிய சோதனை ஒன்று உண்டு. குமிழ்ப்பக்கம் பிடிக்கிற ஒரே கையால் பேட்டைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். 20 நொடிக்குள் கை இறங்கினால் பேட் கனம். கனமான பேட் பலத்தைக் கூட்டாது; வீச்சின் வரிசையைத்தான் குலைக்கும். (முதுகு குணமான பிறகு செய்து பாருங்கள், இப்போது வேண்டாம்.)

வரிசை என்றேன். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நல்ல ஸ்விங் என்பதே அந்த வரிசைதான். முதலில் எடை பின்காலுக்குப் போகிறது. முன்கால் மெதுவாக ஒரு சிறு அடி வைக்கிறது. அந்தக் கால் தரையில் ஊன்றும்போது கைகள் இன்னும் பின்னாலேயே இருக்கின்றன. இடுப்பு திரும்பத் தொடங்கிவிட்டது, தோள் இன்னும் திரும்பவில்லை. ஈரத்துண்டைப் பிழியும்போது ஒரு முனை திரும்பி மறுமுனை நிற்குமே, அந்த முறுக்கு உடம்பின் நடுவில் உண்டாகிறது. பிறகு முன்கால் விறைத்து நிற்க, இடுப்பு வேகம் குறைய, அந்த வேகத்தை நெஞ்சும் தோளும் வாங்கிக்கொள்கின்றன. தோளிடமிருந்து கை, கையிடமிருந்து பேட். சாட்டையின் பிடி நின்றதும் நுனி சீறுவது இப்படித்தான். பந்தைத் தொடும் கணத்தில் மேல் கையின் உள்ளங்கை வானத்தையும் கீழ் கையின் உள்ளங்கை தரையையும் பார்த்தபடி இருக்கும். மணிக்கட்டு புரளுவது அதற்கு அப்புறம்.

கைப்பேசியில் மெதுவான வேகத்தில் படம் எடுத்து, முன்கால் ஊன்றுகிற அந்த ஒரு கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கை ஏற்கெனவே முன்னால் கிளம்பிவிட்டதா? அப்படியானால் அந்தப் பிள்ளை கையால் மட்டுமே அடிக்கிறது. 12 பேரில் எத்தனை பேர் என்று பாருங்கள். பிள்ளைகளின் ஸ்விங்கில் நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

உங்கள் நான்கு பாடங்கள்

முழங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மற்ற மூன்றும் காலங்காலமாகக் கோச்சுகள் சொல்லிவருபவை. அவற்றை உங்களுக்குச் சொன்னவர்கள் ஏமாற்றவில்லை. ஆடுபவர் தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார், உடம்பு செய்ததை அல்ல. இரண்டும் பல நேரம் வேறாக இருக்கும்.

"மேலிருந்து கீழே அடி." கை தோளுயரத்தில் தொடங்குவதால் முதல் அசைவு கீழ்நோக்கித்தான் இருக்கும். அந்த அளவுக்கு இது உண்மை. ஆனால் பந்து எப்படி வருகிறது என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி. பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் பிளேட்டுக்கு வரும்போது அது ஏறத்தாழ 10 டிகிரி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். பந்து மெதுவாக வரவர இறக்கம் செங்குத்தாகும். அந்தப் பாதைக்கு எதிராகக் கோடரி போலப் பேட்டை இறக்கினால் இரண்டு கோடும் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும். நேரம் நூறில் ஒரு நொடி தப்பினாலும் அந்த வேகத்தில் பந்து 22 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பேட் இலேசாக மேல்நோக்கி, பந்தின் பாதையோடு பொருந்தி வந்தால், நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பந்து மாட்டும். 1941இல் .406 சராசரி (நூறு முறை ஆடினால் நாற்பதுக்கு மேல் ஹிட்) எடுத்த அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் இந்த இலேசான மேல்நோக்கிய வீச்சைத்தான் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் "மேலே அடி" என்று புதுக் கட்டளை போடாதீர்கள். தோளைச் சாய்த்து முதுகை வளைப்பார்கள். 'பிட்சரின் தலைக்கு மேலே, தூரத்து வேலியை நோக்கிப் பந்தை அனுப்பு' என்றால் போதும்.

"பூச்சியை நசுக்கு." பின்கால் திரும்புவது இடுப்பு திரும்பியதன் விளைவு. காலை மட்டும் தனியாகத் திருகச் சொன்னால் எடை பின்காலிலேயே தங்கிவிடும். தேர்ந்த பேட்டர்களின் படங்களைப் பார்த்தால், பந்து படும் கணத்தில் பின்கால் விரல் நுனியில் இலேசாக நிற்கும்; சில நேரம் தரையை விட்டே எழும்பியிருக்கும்.

"படும்வரை பார்." இதை யாராலும் செய்ய முடியாது. 1984இல் டெரி பாஹில், டாம் லாரிட்ஸ் இருவரும் கண்ணசைவை அளந்து பார்த்தார்கள். தொழில்முறை வீரரே பிளேட்டுக்குச் சுமார் ஐந்தரை அடி தூரம் வரைதான் பந்தைப் பின்தொடர முடிந்தது. அதற்கப்புறம் பந்து கண்ணை விட வேகமாகப் போய்விடுகிறது. எனவே "நீ பார்க்கவே இல்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை ஆடாமல் இருக்கட்டும். மீதியை மூளை ஊகித்துக்கொள்ளும்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது

80 கிலோமீட்டர் வேகப் பந்து உங்கள் மகனை வந்தடைய அரை நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அடிப்பதா விடுவதா என்று அதில் முதல் பாதிக்குள் முடிவாக வேண்டும். அந்த நேரத்தில் நான்கு கட்டளைகளை நினைவுக்குக் கொண்டுவர எந்தப் பிள்ளையாலும் முடியாது. வேலிக்கு வெளியே நின்று நீங்கள் ஐந்தாவதைச் சொன்னால் அவன் உறைந்துபோகிறான். நான்கு ஆட்டங்களாக ஹிட் இல்லாததற்குத் திறமைக் குறைவு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வலி, பயம், காதில் ஒலிக்கிற குரல்கள், இந்த மூன்றும் போதும்.

என்னிடம் ஒரு முறை 12 வயதுச் சிறுமியை அழைத்துவந்தார்கள். தோள்வலி. பயிற்சிக் கூடத்தில் அவள் அடிப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். தொப்பியின் விளிம்புக்குள்ளே பேனாவால் ஆறு வரி எழுதியிருந்தது. முட்டி, இடுப்பு, கை, தலை என்று வரிசையாக. தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே வலையின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன். "இதில் பந்து படணும், அவ்வளவுதான்" என்றேன். முதல் ஆறு பந்து கண்டபடி போனது. ஏழாவது பந்தில் தோள் இறங்கியது, மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு வந்த சத்தமே வேறு. பந்து பேட்டின் சரியான இடத்தில் பட்டால் ஒரு சத்தம் வருமே, அது அன்றைக்கு நாலைந்து தடவை கேட்டது. தோளுக்குச் சிகிச்சை தனியாகத் தேவைப்பட்டது. ஆனால் தோளை இறுக்கியதில் அந்த ஆறு வரிக்கும் பங்கு இருந்தது.

இதை வெறும் அனுபவமாகச் சொல்லவில்லை. கவனம் தன் உடம்பின் உறுப்பில் இருப்பதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவில் இருக்கும்போது உடம்பு சுலபமாகக் கற்கிறது என்பதை 1990களின் பிற்பகுதியிலிருந்து கேப்ரியேலே வுல்ஃப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். புதிதாக வருகிற சிறு பிள்ளைக்கு பேட்டை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது என்று கொஞ்சம் காட்டத்தான் வேண்டும். அதற்கு மேல், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அதையும் கட்டளையாகச் சொல்லாமல் வேலையாகக் கொடுங்கள். முன்கால் ஊன்றுமுன் கை கிளம்புகிறதா? "கையைப் பின்னால் வை" என்று சொல்ல வேண்டாம். பிட்சர் பக்கம் நடந்து போவது போல இரண்டு அடி நடந்துவந்து அடிக்கச் சொல்லுங்கள்; நடக்கும்போது வரிசை தானே சரியாகும். அடித்து முடித்ததும் நீங்கள் பேசுவதற்கு முன் அவனைக் கேளுங்கள்: "எங்கே பட்டது? சீக்கிரமா, தாமதமா?" அவன் சொல்கிற பதில் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அவன் கவனிக்கத் தொடங்கிவிட்டான்.

எண்ணிக்கையைப் பற்றி. ஒரே இடத்தில் வைத்த பந்தை 200 தடவை அடித்தால் அந்த இடத்தில் வைத்த பந்தை அடிக்க வரும். ஆட்டத்தில் அடுத்த பந்து எங்கே வரும் என்று யாரும் சொல்லிவிட்டு எறிவதில்லை. 1994இல் ஹால், டொமிங்கஸ், கவாசோஸ் மூவரும் கல்லூரி அணி வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு 15 வேகப்பந்து, 15 வளைபந்து, 15 மெதுவான பந்து என்று வகைவகையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகள் கலந்துகட்டி. மூன்றாவது குழுவுக்குக் கூடுதல் பயிற்சி இல்லை. ஆறு வாரம் கழித்துக் கலந்து அடித்தவர்கள் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். வகைப்படுத்தி அடித்தவர்கள் 25, கூடுதல் பயிற்சி இல்லாதவர்கள் 6. அவர்கள் பெரிய பையன்கள்தான், ஆனாலும் வழி அதுதான். டீ கம்பத்தின் உயரத்தையும் இடத்தையும் ஒவ்வொரு பந்துக்கும் மாற்றுங்கள். ஐந்து ஐந்தாக, நடுவில் இடைவெளி விட்டு, மொத்தம் 25 அல்லது 30 ஸ்விங் போதும்.

நேரத்துக்கும் ஓர் அளவு உண்டு. வாரத்தில் ஒழுங்கமைத்த பயிற்சி, பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் போகக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் ஒரு விதி. உங்கள் மகனுக்கு 11 மணி. வீட்டில் தினம் ஒன்றரை மணி, அணியில் மூன்று நாள் இரண்டிரண்டு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டத்தைச் சேர்க்காமலே 15 ஆகிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் இந்த விளையாட்டே இல்லாத இடைவெளியும் வேண்டும். அந்த மாதங்களில் நீச்சலோ கால்பந்தோ, எது பிடிக்கிறதோ அது.

மற்ற பிள்ளைகள் வேறுவேறு விதமாக நிற்கிறார்கள், எல்லோரையும் ஒரே மாதிரி நிற்கவைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜப்பானின் சதஹரு ஓ முன்காலைக் கொக்கு போலத் தூக்கி நின்று 868 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார். முதல் மூன்று வருடம் பந்துக்கு நேரம் பிடிபடாமல் திணறிய அவருக்கு, 1962இல் அரகாவா என்ற கோச்சோடு சேர்ந்து கிடைத்த தீர்வு அது. அவர் சிக்கலுக்கு அவர் கண்ட வழி. நிற்பது எப்படியும் இருக்கட்டும். முன்கால் ஊன்றும் கணம் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பந்துக்குப் பயம்

அந்த மரக்கட்டையை இன்றே எடுத்துவிடுங்கள். கால் இடறினால் கணுக்கால் போகும். அதைவிட முக்கியம், ஒதுங்கவும் வழியில்லை என்று அவன் உடம்புக்கு நீங்கள் சொல்வதாகிவிடும். பயம் கூடத்தான் செய்யும். விலாவில் பந்து பட்டவனுக்குக் கால் விலகுவது இயல்பு. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அவனுக்குத் தேவை, பந்து தன்மேல் வந்தால் என்ன செய்வது என்று தெரிவது. முதுகு குணமானதும் டென்னிஸ் பந்தோ ஸ்பாஞ்சுப் பந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டு நிற்கட்டும். மெதுவாக அவன் உடம்பை நோக்கியே எறியுங்கள். முன்தோளை உள்பக்கமாக, பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சர் இருக்கும் திசைக்குத் திருப்பி, தாடையைத் தோளுக்குள் புதைத்து, பேட்டைக் கீழே இறக்கி, முதுகுச் சதையில் பந்தை வாங்கிக்கொள்ளப் பழகட்டும். நெஞ்சும் முகமும் பந்தைப் பார்க்கக்கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், இப்போதும் தாமதமில்லை. ஹெல்மெட்டில் முகத்தடுப்பு மாட்டுங்கள். சிறு பிள்ளைகளின் பயிற்சிக்கு மென்மையான பந்து போதும். பயம் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அவனாகவே "கொஞ்சம் வேகமா போடுங்கப்பா" என்று சொல்கிற நாள் வரும், அதுவரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மருத்துவர் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். விரிசல் இல்லையென்றால் எந்த வாரம் என்ன பயிற்சி என்று ஒரு அட்டவணை அனுப்புகிறேன். விரிசல் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டின் அட்டவணைப்படி போங்கள். அவர் சரி என்று சொல்லி, வலியே இல்லாமல் பின்னால் வளைய முடிகிறபோது, டீ கம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்து ஸ்விங்கிலிருந்து தொடங்கலாம்.

கடிதத்தின் கடைசி வரியில், ஆறு வயது மகளும் பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறாள், அவளுக்கு எப்போது ஸ்விங் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் பேட்டும் பெரிய இலேசான பந்தும் கொடுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து நிற்கவையுங்கள். எதையும் சொல்லிக்கொடுக்காமல் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டே இருங்கள். அவள் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.